வாய்தா என்றால் வாக்கு

தாத்தா போன பிறகு அவருடைய தகரப் பொட்டியை ஒழிக்கும்போது பழைய பாம்புப் பஞ்சாங்கங்கள் பன்னிரண்டு கிடைச்சுது. எல்லாத்திலயும் சில தேதிகளுக்குப் பக்கத்துல சிவப்பு மையில் 'வா' என்று ஒத்தை எழுத்து. ஏதோ விரதம் போலிருக்குன்னு நினைச்சு அப்பாகிட்ட கேட்டா, "வாய்தாடா" என்றார். வரப்புத் தகராறு ஒன்று முன்சீப் கோர்ட்டில் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு இத்தனை 'வா' இருக்கும் என்று தெரியாது.

அன்னிக்குப் பிடிச்சது இந்த வார்த்தைப் பைத்தியம்.

பார்த்தால் சுத்தத் தமிழ் மாதிரி இருக்கும். 'வாய்' + 'தா', வாய் கொடுத்தது, அதனால வாய்தா என்று நண்பன் ஒருத்தன் டீக்கடையில் அடிச்சு விட்டான். கேட்க ஜோராத்தான் இருக்கு, ஆனா தப்பு. இது அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியா நம்ம ஊருக்கு வந்த சொல். மூலப் பொருள் வாக்கு, உறுதிமொழி. இந்தி சினிமாப் பாட்டுல ஹீரோ ஹீரோயினுக்குக் கொடுக்கும் 'வாதா'வும் நம்ம கோர்ட் வாய்தாவும் ஒரே வேர்தான். இன்ன தேதிக்கு இன்ன விலையில் சரக்கு தருகிறேன் என்று முன்கூட்டியே பேசி முடிக்கிற சந்தைக்கு வடக்கே 'வாய்தா பஜார்' என்று பேர். அங்கே இன்னும் வாக்கு என்ற பொருள் உயிரோட இருக்கு.

இங்கே எப்படி வந்தது? தமிழகத்தில் மராட்டியர் காலத்திலும் ஆற்காட்டு நவாப் காலத்திலும் கச்சேரிக் கணக்குவழக்கில் பாரசீகச் சொற்கள் வந்து குவிஞ்சுது. 1801ல் கர்நாடக நவாப்பின் நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1802ல், சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகளுக்குச் சட்டம் போட்டது. துரை புதுசு, சட்டம் புதுசு, ஆனா உட்கார்ந்து எழுதின குமாஸ்தாவுக்குப் பழைய சொற்கள்தானே தெரியும்? வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, அமீனா, தாவா, பிராது, ராஜி, ஆஜர் எல்லாம் அப்படித் தங்கிப்போனவைதான்.

இதில் வாய்தாவின் பயணம் கொஞ்சம் சுத்து. நேரா கோர்ட்டுக்குப் போகலை. கடனை இந்தத் தேதிக்குள் தருகிறேன் என்ற வாக்கு, அந்தத் தேதிக்கே பேராச்சு. பழைய பத்திரங்களில் வாய்தா என்றால் கெடு. அப்புறம் சர்க்காருக்குக் கட்டும் நிலவரித் தவணைக்கும் அதே பேர். ஆக, வயல் வச்சிருந்தவன் கோர்ட் வாசலை மிதிக்கும் முன்பே வாய்தாவுக்குப் பயந்தவன்!

கோர்ட்டில் அதுக்கு ரெண்டு பொருள். "இன்னிக்கு எனக்கு வாய்தா" என்றால் நான் ஆஜராக வேண்டிய நாள். "அவன் வாய்தா வாங்கிட்டான்" என்றால் இன்னிக்கு ஒண்ணும் நடக்கலை, வழக்கு தள்ளிப்போச்சு. போக வேண்டிய நாளுக்கும் போயும் ஒண்ணும் நடக்காததுக்கும் ஒரே வார்த்தை! 'ஒத்திவைப்பு' என்று அழகான தமிழ்ச்சொல் இருக்கு. ஆனா அது ரெண்டாவது பொருளை மட்டும்தான் சொல்லும். மக்களுக்கு இந்த இரண்டும் தனித்தனியா தெரிந்திருந்தால்தானே தனித்தனி வார்த்தை தேவைப்படும்? (புராஜெக்ட் டெலிவரி தேதியை நாங்க 'கமிட்மென்ட்' என்று சொல்வதும் இந்த ரகம்தான். மேனேஜர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.)

வாக்கு என்ற பழைய பொருள் கிரிமினல் வழக்கில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. ஜாமீன் பத்திரம் என்பதே கூப்பிட்ட தேதிக்கு வருவேன் என்று எழுதிக்கொடுப்பதுதான். டவாலி பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வாரண்ட் வரலாம். அதைத் தவிர்க்க வக்கீல் போடும் மனுவுக்கு '317' என்று செல்லப்பேர், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண் அது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 355. சிவில் வழக்கில் வாரண்டுக்குப் பதில் எக்ஸ்பார்ட்டி. வராதவனை விட்டுவிட்டுத் தீர்ப்பு.

தள்ளிப்போடுவதற்கு எல்லை கட்டாமலும் இல்லை. 2002 ஜூலையில் அமலுக்கு வந்த திருத்தப்படி சிவில் வழக்கில் ஒரு தரப்புக்கு மூணு வாய்தாதான். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம்ம சேலம் வக்கீல்கள் சங்கம். 2005 தீர்ப்பில் அந்த வரம்பு செல்லும் என்றார்கள். ஆனா மனுஷன் கையில் இல்லாத காரணம் வந்தால் நாலாவதும் தரலாம் என்று, சுனாமியையும் குஜராத் பூகம்பத்தையும் உதாரணம் காட்டினார்கள். சரியான தீர்ப்புதான். ஆனா எங்க தாத்தாவின் எதிர்த்தரப்புக்கு வருஷத்துக்கு நாலு சுனாமி வந்தது. 2023ல் இயற்றிய புதுக் குற்றவியல் சட்டத்தில் ஒரு தரப்பு கேட்டால் ரெண்டு வாய்தாதான் என்று இருக்கு.

அரசியலுக்குள் ரொம்பப் போகலை. 1996ல் ஆரம்பிச்சு, 2003ல் பெங்களூருக்கு மாறி, 2014 செப்டம்பர் 27ல் தீர்ப்பு வந்த ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கு நடக்கும்போது 'வாய்தா ராணி' என்று எதிர்க்கட்சி மேடைகளில் முழங்கினார்கள். வாக்கு என்று பொருள்பட்ட சொல், வாக்கு தவறுவதற்கான வசவா ஆகிப்போனது அங்கேதான்.

தாத்தாவுக்கு மட்டும் அது கடைசிவரை பழைய பொருளில்தான் இருந்திருக்கு. காலை முதல் பஸ், மஞ்சப்பையில் பத்திர நகல், கோர்ட் எதிர்க்கடையில் ரெண்டு இட்லி. ஒரு வாய்தாவும் தப்பலையாம். "நாம போகலைன்னா சொன்ன சொல் என்னாறது" என்பாராம். எதிர்த்தரப்பு வராது, நீதிபதி லீவு, கட்டு வரலை என்று குமாஸ்தா அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பார். அதை வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தில் ஏத்துவார்.

கடைசிப் பஞ்சாங்கத்தில் அவர் இறந்த நாளுக்கு அப்புறம் பதினாறு நாள் கழிச்சு ஒரு 'வா' இருந்தது. அப்பா மொட்டைத் தலையோடு அந்த வாய்தாவுக்குப் போனார். வாரிசுகளைச் சேர்க்க மனு போடணும் என்று சொல்லி, அடுத்த மாசத்துக்கு ஒரு தேதி கொடுத்து அனுப்பினார்கள்.