பளிங்கின் படியும் சுருளும்: ஒரு வரலாற்று நோக்கு

பளிங்குகளின் ஒழுங்கான முகங்கள் நெடுங்காலமாக அறிஞரைக் கவர்ந்து வந்துள்ளன. ஆயினும், கரைசலிலோ ஆவியிலோ அலையும் அணு ஒன்று அம்முகத்தில் எவ்விடத்திற் சென்று பொருந்துகிறது என்னும் வினா 1920களிலேயே தெளிவுற எழுப்பப்பட்டது. கொசெல் 1927 இலும் ஸ்திரான்ஸ்கி 1928 இலும் தனித்தனியே கண்ட விடை ஏறத்தாழ ஒன்றே. மட்டமான முகத்தில் வந்து விழும் அணு, பற்றிக்கொள்ளப் போதிய அயலணுக்கள் இன்மையால் மீண்டும் விலகிச் செல்கிறது. முற்றுப்பெறாத அடுக்கொன்றின் விளிம்பு, அதாவது படி, அங்கிருப்பின், அப்படியிலுள்ள முடக்கில் அது நிலைபெறுகிறது. சுவர் கட்டுவோன் பாதியில் நின்ற வரியின் முனையில் அடுத்த கல்லை வைப்பது போன்றதே இது.

இவ்விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. படி முகத்தின் ஓரம்வரை முன்னேறியதும் மறைந்துவிடும். மீண்டும் மட்டமான முகமே எஞ்சும். புதிய அடுக்குத் தொடங்குவதற்குப் பல அணுக்கள் ஒருங்கே கூடி ஒரு தீவு போல் அமைதல் வேண்டும். அதற்குச் சில பத்து விழுக்காடு மிகைநிரம்பல் தேவையெனக் கணிப்புகள் காட்டின. ஆனால் வொல்மர், சூல்ற்சே ஆகிய இருவரும் 1931 இல் அயடீன் பளிங்குகளை ஆவியிலிருந்து வளர்த்தபோது, ஏறத்தாழ ஒரு விழுக்காடு மிகைநிரம்பலிலும் அவை வளரக் கண்டனர். கொள்கையின்படி அவ்வளர்ச்சி நிகழ்ந்திருக்கவே கூடாது! பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்திற் பேட்டனும் கபிறேறாவும் 1940களின் பிற்பகுதியிற் செய்த நுண்ணிய கணிப்புகளும் இம்முரண்பாட்டை நீக்கவில்லை, உறுதியே செய்தன.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங், 1949 இல் அங்கு நடைபெற்ற பரடே சங்க மாநாட்டில் வழி காட்டினார். குறையற்ற பளிங்கைக் கற்பனை செய்ததே தவறு என்பது அவர் கருத்து. பளிங்கினுள் அணுத்தளங்கள் ஓர் அச்சைச் சுற்றித் திருகுபோற் பிறழ்ந்திருப்பின், அந்த அச்சு முகத்தை வெட்டுமிடத்தில் ஒரு படி தொடங்கும். அதன் ஒரு முனை அவ்விடத்திலேயே கட்டுண்டிருப்பதால், அணுக்கள் சேரச் சேரப் படி அம்முனையைச் சுற்றிச் சுருளுமேயன்றி மறையாது. எத்தனை அடுக்குகள் ஏறினும் படி எஞ்சியே நிற்கும்.

அச்சுருளைக் கண்ணாற் காண்பதே அடுத்த தேவையாயிற்று. மாநாட்டையொட்டியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் றோயல் ஹலோவே கல்லூரியிலிருந்து கிறிபின், பெரில் பளிங்குகளில் அத்தகைய சுருள்களைப் படம்பிடித்துக் காட்டினார். 1950 இல் அவை வெளியாயின. அக்கல்லூரியில் தொலன்ஸ்கி வளர்த்த ஒளித் தலையீட்டு முறை, ஒளியின் அலைநீளத்திற் பல நூற்றிலொரு பங்கேயான உயர வேறுபாட்டையும் அளக்கவல்லது. அங்கு ஆய்வு செய்த இந்தியரான அஜித் ராம் வேர்மா, சிலிக்கன் காபைட்டுச் சுருள்களின் படியுயரத்தை அளந்து, அது பளிங்கின் அலகுக் கலத்தின் உயரத்தோடு பொருந்துவதை 1951 இல் நிறுவினார். அதே ஆண்டில் டோசனும் வாண்டும் பரபின் பளிங்குகளின் சுருள்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டனர்.

இங்கு ஒன்று நோக்கற்பாலது. சிலிக்கன் காபைட்டின் மேலுள்ள சுருட்கோடுகளை மென்சீசும் சுலோற்றும் 1929 இலேயே 'நேச்சர்' இதழில் அறிவித்திருந்தனர். இருபது ஆண்டுகள் அக்குறிப்பு எவர்க்கும் பயன்படவில்லை. குறைபாடு கண்ணில் இருந்ததன்று. அக்கோடுகளிடம் கேட்க ஒரு வினா இல்லாமையே காரணம்.

எனினும், 1951 இன் படங்கள் கொள்கையை முற்றாக மெய்ப்பித்தன என்று கூறுவது மிகையாகும். அவை வளர்ந்து முடிந்த பளிங்கின் படங்கள். நடந்தவனின் அடிச்சுவடுகளே, நடை அன்று. இலத்திரன் நுணுக்குக்காட்டியோ வெற்றிடத்தை வேண்டியது. அதில் கரைசலுக்கு இடமில்லை. 1980களின் தொடக்கத்திற் சூரிச்சில் ஆக்கப்பட்ட ஊடுருவு நுணுக்குக்காட்டி, மின்கடத்தும் பரப்புகளுக்கே உரியது. கனியங்களிற் பெரும்பாலானவை மின்கடத்தாதவை. 1986 இல் பின்னிக், குவேற், கேபர் ஆகியோர் அமைத்த அணுவிசை நுணுக்குக்காட்டியே இத்தடையை நீக்கிற்று. மெல்லிய தண்டொன்றின் கூர்முனை பரப்பைத் தடவிச் செல்லும். தண்டின் வளைவிலிருந்து மேடுபள்ளம் அறியப்படும். நீரினுள்ளும் இது தொழிற்படும்.

கலிபோர்னியாவிற் கன்ஸ்மாவின் குழுவினர் 1992 இற் கல்சைட்டின் வளர்ச்சியையும் கரைவையும் கரைசலினுள்ளேயே, நிகழும்போதே படமாக்கினர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் இக்கனியமே. நிலாவரைக் கேணி போன்ற ஆழ்ந்த குழிகளை உண்டாக்கியதும், கேத்தலின் அடியில் வெண்படிவை விடுவதும் அதன் கரைவும் மீள்படிவுமே. நுணுக்குக்காட்டியில் இக்கரைவு சாய்சதுரக் குழிகளாகத் தோன்றிற்று. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ மூன்று அங்ஸ்ரோம் உயரமுடையது. ஓர் அங்ஸ்ரோம் மில்லிமீற்றரின் கோடியிலொரு பங்கு. குழியின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே வேகத்திற் பின்வாங்குவதில்லை என்பதும் தெரியவந்தது.

கைவிடப்பட்ட பழைய கருத்தும் கரைவு ஆய்வில் மீண்டும் இடம்பெற்றது. நிரம்பல் நிலைக்கு அண்மையிற் குழிகள் பிறழ்வுகளிலேயே தோன்றுகின்றன. நீர் நிரம்பல் நிலையினின்று மிகவும் விலகியிருப்பின், குறையற்ற இடங்களிலும் தாமாகவே திறக்கின்றன என்பதைக் கல்சைட்டில் தெங் 2004 இற் காட்டினார். 2001 இல் லசாகாவும் லுட்கேயும் முன்வைத்த கருத்து இன்னும் ஒரு படி சென்றது: குழியிற் பிறக்கும் படிகள் அலைபோற் புறப்பட்டு முகம் முழுவதையும் தாழ்த்துகின்றன, கரைவு வேகத்தைத் தீர்மானிப்பது குழியின் ஆழமன்று, இவ்வலைகளே. கூர்முனை காணும் பரப்பு மிகச் சிறிதாகையால், முகம் முழுவதும் தாழ்வதை அளக்க லுட்கே வெள்ளொளித் தலையீட்டுமானியைக் கையாண்டார். தொலன்ஸ்கியின் கூடத்தில் வேர்மா படியை அளந்ததும் ஒளித் தலையீட்டைக் கொண்டேயாகும்.