பழமையும் பயன்பாடும்: தில்லிப் பள்ளிக் கட்டடங்களின் புதுப்பிப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்குப் பள்ளிக் கட்டடங்களின் வரலாறு எழுதப்படவில்லை. தமிழில் கல்வி வரலாறு பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் பாடநூல், பயிற்றுமொழி, ஆட்சியாளரின் கொள்கை ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. பிள்ளைகள் அமர்ந்து படித்த இடம் எத்தகையது, அது எவ்வாறு சிதைந்தது, எவ்வாறு மீட்கப்பட்டது என்னும் வினாக்கள் புறத்தே நின்றுவிட்டன.

இவ்வினாக்களை இன்று எழுப்ப வேண்டிய தேவை உள்ளது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நேர்ந்த தீ விபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். 2025 சூலை 25 அன்று இராசசுத்தானின் சாலாவார் மாவட்டத்திலுள்ள பிப்லோடியில் பள்ளிக் கட்டடம் சரிந்து ஏழு குழந்தைகள் இறந்தனர். இத்தகைய துயரங்களுக்குப் பின் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் நடவடிக்கைகள் முடுக்கிவிடப்படுகின்றன. குழந்தைகளின் உயிரைக் காட்டிலும் பெரிய மரபுச்சின்னம் எதுவும் இல்லை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எனினும், 'பழையது' என்பதும் 'பழுதடைந்தது' என்பதும் ஒரே பொருளுடைய சொற்களாக ஆளப்படும்போது, செப்பனிட்டுக் காக்கத்தக்க கட்டடங்களும் உடன் அழிகின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதற்குத் தில்லியில் கல்விக்கு இடமளித்த மூன்று கட்டடங்களின் வரலாறு துணைசெய்கிறது. பள்ளிக் கட்டடத்தைப் புதுப்பித்தல் என்பது சுவரைக் காப்பதோடு முடிவதன்று. அங்குப் பள்ளி தொடர்ந்து நிகழ்வதும் காக்கப்படவேண்டிய மரபின் ஒரு கூறாகும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

காசியுத்தீன் மதரசா: பயன்பாட்டால் நிலைத்தது

பழைய தில்லியின் அச்மீரி வாயிலுக்கு வெளியே அமைந்துள்ளது காசியுத்தீன் மதரசா. ஔரங்கசீப்பின் படைத்தலைவர்களுள் ஒருவரும், ஐதராபாத்தின் முதல் நிசாமான ஆசப் சாவின் தந்தையுமாகிய காசியுத்தீன் கான் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை நிறுவினார். நடுவே அகன்ற முற்றம், அதனைச் சூழ்ந்து இரண்டடுக்கு வளைவுத் தாழ்வாரங்களும் அறைகளும், மேற்கே பள்ளிவாசல், அதனை ஒட்டி நிறுவியவரின் கல்லறை என்னும் அமைப்பு இவ்வளாகத்துக்குரியது. வழிபாடு, கல்வி, உறைவிடம், நினைவிடம் ஆகிய நான்கும் ஒரே முற்றத்தைச் சூழ அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

1825-இல் ஆங்கிலேயர் ஆதரவுடன் தில்லிக் கல்லூரி இவ்வளாகத்தில் தொடங்கப்பட்டது. அயோத்தி அரசின் அமைச்சராயிருந்த நவாப் இத்திமாதுத் தௌலா 1829-இல் இக்கல்விக்கென ரூ.1,70,000 அறக்கொடையாக வழங்கினார். மேலைக் கணிதமும் அறிவியலும் உருது மொழிவழிக் கற்பிக்கப்பட்டதே இக்கல்லூரியின் தனிச்சிறப்பு. இங்குப் பயின்று இங்கேயே ஆசிரியரான இராமச்சந்திரர் 1850-இல் வெளியிட்ட கணித நூலை, டி மார்கன் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1859-இல் இலண்டனில் மறுபதிப்புச் செய்வித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தில் (1823–1855) மேலை அறிவியல் தமிழ்ச் சூழலுக்கு அறிமுகமானதை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம்.

கல்லூரி பின்னர் இடம் மாறியது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் சிலகாலம் பிற பயன்பாடுகளுக்கு உட்பட்ட இவ்வளாகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் கல்விக்கு வந்தது. இன்று ஆங்கிலோ அரபிக் மேல்நிலைப்பள்ளி இங்கு இயங்குகிறது. இடையீடுகள் இருப்பினும், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே முற்றத்தில் மாணவர் குரல் ஒலித்துவருகிறது. அன்றாடம் ஆள் நடமாடும் கட்டடத்தில் கூரைக்கசிவு ஒரு மழையிலேயே கண்ணுக்குப் படும். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் அது விட்டம் உளுத்து விழும்போதே தெரியவரும். ஆகவே பயன்பாடும் ஒருவகைப் பராமரிப்பே எனலாம்.

தாரா சிகோ நூலகம்: பள்ளி நீங்கிய கட்டடம்

தில்லிக் கல்லூரி 1840-களில் இடம் மாறிச் சென்ற கட்டடமே காசுமீரி வாயிலை அடுத்துள்ள தாரா சிகோ நூலகம். சாசகானின் மூத்த மகனும், உபநிடதங்களை 1657-இல் பாரசீகத்தில் பெயர்ப்பித்தவருமான தாரா சிகோவின் பெயரால் இது வழங்குகிறது. ஆங்கிலேயர் காலத்தில் தில்லியின் அரசுப் பிரதிநிதி ஆக்டர்லோனி இதில் வசித்தார். அக்காலத்தே கட்டடத்தின் முகப்பில் ஐரோப்பியப் பாணியிலான உயர்ந்த தூண்கள் சேர்க்கப்பட்டன. முன்னின்று நோக்குவார்க்கு ஐரோப்பிய மாளிகையாகவும், உள்ளே செல்வார்க்கு முகலாயர் காலச் செம்மணற்கல் தூண் வரிசையாகவும் காட்சிதரும் இரட்டை இயல்பு இதற்கு உண்டு.

இக்கட்டடத்தில் உள்ள பலகை, இதன் வரலாற்றை ஆண்டுவாரியாகத் தருகிறது. 1804 முதல் 1877 வரை அரசுக் கல்லூரி, 1877 முதல் 1886 வரை மாவட்டப் பள்ளி, 1886 முதல் 1904 வரை நகராட்சிக் கழகப் பள்ளி என்பன அதிலுள்ள செய்திகள். இவற்றுள் முதலாவது ஆய்வுக்குரியது. தில்லிக் கல்லூரி தொடங்கப்பட்டதே 1825-இல்தான். அதுவும் அச்மீரி வாயிலில். அவ்வாறே நூலகம் 1637-இல் அமைந்ததாகப் பலகை குறிக்கிறது; ஆனால் சாசகானாபாத் நகருக்கு அடிக்கல் இடப்பட்டது 1639-இல். எனவே கட்டடத்தில் பதிக்கப்பட்டுள்ள பலகையையே இறுதிச் சான்றாகக் கொள்ளாமல், பிற ஆவணங்களோடு ஒப்பிட்டே ஏற்கவேண்டும்.

1857-இல் கல்லூரி தாக்கப்பட்டது, முதல்வர் டெய்லர் கொல்லப்பட்டார், நூலகம் சூறையாடப்பட்டது. 1864-இல் மீண்டும் திறக்கப்பட்ட கல்லூரி 1877-இல் மூடப்பட்டது. அதன்பின் சிறுவர் பள்ளியாயிருந்த காலமும் 1904-உடன் முடிவுற்றது. பின்னர்த் தொல்லியல் துறையின் பயன்பாட்டில் இருந்து, நெடுங்காலம் நலிந்து கிடந்த இக்கட்டடம் அண்மையில் செப்பனிடப்பட்டு, 2023-இல் நாட்டுப் பிரிவினை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. செப்பனிட்டோர் ஐரோப்பிய முகப்பைப் பிற்சேர்க்கை எனக் களையவில்லை. உள்ளிருக்கும் முகலாயத் தூண்களை மறைக்கவுமில்லை. இரு அடுக்குகளும் ஒருங்கே காக்கப்பட்டுள்ளன. இது பாராட்டத்தக்கது. எனினும் இங்குப் பயின்ற நகராட்சிப் பள்ளிச் சிறுவர்களின் வரலாறு பலகையின் ஒரு வரியளவிலேயே எஞ்சியுள்ளது. பள்ளி நீங்கினால் கட்டடம் பிழைக்கக்கூடும். பள்ளியாயிருந்த அதன் நினைவு பிழைத்தல் அரிது.

நிசாமுத்தீன் தொடக்கப்பள்ளி: ஊரோடு சேர்ந்த புதுப்பிப்பு

மூன்றாவது சான்று முன்னிரண்டினும் வேறுபட்டது. நிசாமுத்தீன் குடியிருப்பு, 1325-இல் மறைந்த சூஃபி ஞானி நிசாமுத்தீன் அவுலியாவின் அடக்கத்தலத்தைச் சுற்றி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக வளர்ந்த பகுதி. அங்குள்ள மாநகராட்சித் தொடக்கப்பள்ளியின் கட்டடம் தன்னளவில் தொன்மையானதன்று. ஆயின் அது நிற்கும் நிலம் தொன்மைமிக்கது.

2007-இல் இந்தியத் தொல்லியல் ஆய்வகம், மத்தியப் பொதுப்பணித் துறை, தில்லி மாநகராட்சி ஆகியவை ஆகா கான் அறக்கட்டளையுடனும் பண்பாட்டுக்கான ஆகா கான் அறக்கட்டளையுடனும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. உமாயூன் கல்லறை, சுந்தர் நர்சரி, நிசாமுத்தீன் குடியிருப்பு ஆகிய மூன்றையும் ஒரே திட்டமாகக் கொண்டது அது. நினைவுச்சின்னங்களைச் செப்பனிடும் பணியோடு, மாநகராட்சித் தொடக்கப்பள்ளியைச் சீரமைப்பதும் அத்திட்டத்தின் பகுதியாயிற்று. வகுப்பறைகளும் கழிப்பறைகளும் மேம்படுத்தப்பட்டன. கற்பிக்கும் முறையில் கருத்துச் செலுத்தப்பட்டது. பெற்றோர் பள்ளி நிருவாகத்தில் பங்குகொண்டனர். இவற்றின் பயனாக மாணவர் சேர்க்கை பன்மடங்கு உயர்ந்தது. இக்குடியிருப்பின் மறுமலர்ச்சிப் பணிக்கு 2021-இல் யுனெசுகோவின் ஆசிய–பசிபிக் மரபுக் காப்பு விருது, அதன் உயரிய நிலையில் வழங்கப்பட்டது.

கல்லறையைக் காப்பதற்கும் தொடக்கப்பள்ளியின் கழிப்பறையைச் சீரமைப்பதற்கும் என்ன தொடர்பு என்னும் ஐயம் எழலாம். மரபுச்சின்னத்தின் அருகில் வாழ்வோருக்கு அதனால் நன்மை விளையாதவிடத்து, அது அவர்களுக்கு அயலார் சொத்தாகவே தோன்றும். தம் பிள்ளை படிக்கும் பள்ளி அதனோடு சேர்ந்து சீர்பெறும்போது, காக்கும் பொறுப்பும் அவர்களுடையதாகிறது. இதுவே அத்தொடர்பு.

சுண்ணாம்பும் நிலமட்டமும்

புதுப்பிப்பின் தொழில்நுட்பக் கூறுகளுள் இரண்டு இங்குச் சுட்டத்தக்கன. முதலாவது கட்டுபொருள். பழங்கட்டடங்களின் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. மழைக்காலத்தில் ஈரத்தை ஏற்று, வெயிற்காலத்தில் வெளிவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. அவற்றின்மேல் சிமெண்டு பூசும்போது ஈரம் உள்ளே சிறைப்பட்டு, செங்கல் உதிரத் தொடங்குகிறது. உமாயூன் கல்லறையின் கூரைமீது இருபதாம் நூற்றாண்டில் அடுக்கடுக்காக இடப்பட்ட சுமார் பத்து இலட்சம் கிலோ எடையுள்ள சிமெண்டுக் கான்கிரீட்டு, இத்திட்டத்தின்போது அகற்றப்பட்டது. காப்பதாக எண்ணிச் செய்த பழுதுபார்ப்பே சுமையாக மாறியமைக்கு இது தக்க சான்று. வடநாட்டில் சுண்ணாம்போடு செங்கற்பொடி, வில்வப்பழக்கூழ், உளுந்து ஆகியவை சேர்க்கப்பட்டன. தமிழகத்தில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்க்கப்பட்டன. இவ்வறிவு கொத்தனார்களின் கைவழி வந்தது. மரவிட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட 'மெட்ராஸ் டெரஸ்' கூரையுடைய நம் பழம்பள்ளிகளைச் செப்பனிடுவோர்க்கும் இவ்வறிவே வேண்டப்படுகிறது.

இரண்டாவது வளாக நிலம். பழங்கட்டடத்தைச் சுற்றிய தரை, ஆண்டுதோறும் கொட்டப்படும் மண்ணாலும் மேன்மேலும் இடப்படும் தளத்தாலும் உயர்ந்துகொண்டே செல்லும். ஒருகாலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வாயிலில், பின்னர்ப் படியின்றி நுழைய நேரும். மழைநீர் சுவரடியில் தேங்கும். 2003-இல் நிறைவுற்ற உமாயூன் கல்லறைத் தோட்டப் புதுப்பிப்பில் முதன்மையான பணி, மிகை மண்ணை அகற்றிப் பழைய நிலமட்டத்தையும் நீர்வழிகளையும் மீட்டதேயாகும். பள்ளி வளாகத்துக்கும் இது பொருந்தும். முற்றத்தைச் சிமெண்டால் மூடாமல் மண்தரையாக விடுதல், பழைய மரங்களின் வேரடியைக் காத்தல், நீர் வடியும் திசையை மீட்டல் ஆகியவை பிள்ளைகளின் விளையாட்டுக்கும் கட்டடத்தின் ஆயுளுக்கும் ஒருங்கே நலம் பயப்பன.

சட்டங்களுக்கு இடையே

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர் ஒருவர்க்கு ஒரு வகுப்பறை, தடையற்ற நுழைவழி, ஆண் பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், விளையாட்டிடம் ஆகியவற்றைப் பள்ளிக்கு இன்றியமையாதனவாக விதித்தது. தொல்சின்னங்கள் சட்டத்துக்கு 2010-இல் செய்யப்பட்ட திருத்தமோ, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குக்குட்பட்ட பகுதியாக்கியது. தில்லி போன்ற நகரில் இவ்விரு சட்டங்களும் ஒரே பள்ளியின் வாயிலில் சந்திக்கின்றன. புதிதாகக் கட்டித் தேவையை நிறைவுசெய்ய இயலாதவிடத்து, இருப்பதை உரிய ஒப்புதலுடன் செப்பனிட்டு நிறைவுசெய்வதே வழியாகிறது. அவ்வகையில் சட்டநெருக்கடியே புதுப்பிப்புக்குத் தூண்டுகோலாகவும் அமையக்கூடும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. மேற்கண்ட தொல்சின்னச் சட்டம் நூறாண்டுப் பழமையை அளவுகோலாகக் கொண்டது. 1923-இல் தொடங்கப்பெற்று இன்று ஏழு பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் போன்ற நிறுவனங்கள் நூற்றாண்டைக் கடந்துவிட்டன. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த பெரும்பாலான பள்ளிக் கட்டடங்கள் அவ்வளவுகோலை இன்னும் எட்டவில்லை. எட்டுவதற்கு முன்பே அவை இடிபடும் வாய்ப்பு மிகுதி. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, தலைமையாசிரியரின் நாட்குறிப்பு, கட்டட வரைபடம் ஆகியவை கட்டடத்தோடு சேர்ந்து மறைகின்றன. சமூகத்தில் எவர் எப்போது கல்விக்குள் நுழைந்தனர் என்பதை ஒரு சேர்க்கைப் பதிவேட்டைப்போல் உரைக்கும் சான்று பிறிதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு: காசியுத்தீன் மதரசா, தொடர்ந்த பயன்பாடே கட்டடத்துக்குக் காவல் என்பதைக் காட்டுகிறது. தாரா சிகோ நூலகம், கட்டடம் காக்கப்பட்டாலும் பள்ளியின் நினைவு மங்கக்கூடும் என்பதை உணர்த்துகிறது. நிசாமுத்தீன் தொடக்கப்பள்ளி, மரபுக் காப்பும் குழந்தைகளின் அன்றாடத் தேவையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை மெய்ப்பிக்கிறது.

விபத்துகளுக்குக் காரணம் பழமை என்பதைக் காட்டிலும் பராமரிப்பின்மையும் பிழையான கட்டுமானமும் என்பதே பொருந்தும். கும்பகோணத்தில் எரிந்தது ஓலைக்கூரை; திருநெல்வேலியில் வீழ்ந்தது கழிப்பறைச் சுவர். எனவே ஒரு பள்ளிக் கட்டடத்தை இடிக்க முடிவெடுக்குமுன், சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த பொறியாளரைக் கொண்டு ஆய்தல், அவ்வாய்வு முடியும்வரை பிள்ளைகளை வேறிடத்தில் பாதுகாப்பாக அமர்த்துதல், இடிக்கவே வேண்டியிருப்பின் வரைபடமும் பதிவேடுகளும் நிழற்படங்களும் சேகரித்த பின்னரே இடித்தல் ஆகிய மூன்றும் நடைமுறையாக வேண்டும். இவற்றுள் இறுதியானது பொறியாளர் பணி மட்டுமன்று. பதிவேடுகளைப் படித்துப் பொருள்காணும் பயிற்சியுடைய தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் தத்தம் மாவட்டத்துப் பழம்பள்ளிகளின் ஆவணங்களைத் தொகுப்பதை ஆய்வுப்பணியாக மேற்கொள்ளுமாயின், இடிபட்ட பள்ளிக்கும் வரலாறு எஞ்சும்.