மோட்டார்ஹோமில் கேஸ் சிலிண்டர்: பங்கில் நாமே நிரப்பலாமா? 80% கணக்கு ஏன் முக்கியம்?

படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாமே வண்டிக்குள் இருந்தால் அதுதான் மோட்டார்ஹோம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இந்த வண்டியில் வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். சமையல், வெந்நீர், குளிருக்குக் கதகதப்பு என பெரும்பாலான வண்டிகளில் எல்லாமே எல்பிஜி கேஸில்தான் நடக்கிறது. அந்த கேஸை எந்த சிலிண்டரில் எடுத்துப் போவது, எப்படி நிரப்புவது?

இரண்டு வகை சிலிண்டர்கள்

முதல் வகை, காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்குவது. நம்ம வீட்டு சிலிண்டர் மாதிரிதான். ஆனால் பிரிட்டன் சிலிண்டரை பிரான்ஸ் கடையில் மாற்ற முடியாது. நாட்டுக்கு நாடு கம்பெனியும் வேறு, வால்வும் வேறு.

இரண்டாவது வகை, ரீஃபில் சிலிண்டர். இது வண்டி உரிமையாளரின் சொந்தப் பொருள். கார்களுக்கு எல்பிஜி போடும் பங்கிலேயே நிரப்பலாம். வாங்கும்போது செலவு அதிகம், ஆனால் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கேஸ் மலிவு. அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு லாபம். வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் போகிறவர்களுக்கு முதல் வகையே போதும்.

அது என்ன 80% கணக்கு?

சிலிண்டருக்குள் எல்பிஜி திரவமாக இருக்கிறது. வெயில் பட்டால் அந்தத் திரவம் விரியும். அதற்காகத்தான் 20% இடம் காலியாக விடப்படுகிறது. முழுக்க நிரப்பிவிட்டால் விரிய இடமே இருக்காது. அழுத்தம் சட்டென்று எகிறும். பாதுகாப்பு வால்வு திறந்து கேஸ் வெளியேறும், அல்லது சிலிண்டரே வெடிக்கலாம்.

ரீஃபில் சிலிண்டருக்குள் 80% வந்ததும் தானாக நிறுத்தும் வால்வு உண்டு. மாற்றிக்கொள்ளும் வகையில் அது கிடையாது. அதை ஆலையில் அளந்து நிரப்புகிறார்கள். அதனால் அந்த சிலிண்டரில் அடாப்டர் மாட்டி பங்கில் நிரப்புவது மிகவும் ஆபத்தானது. தவிர, அது பெரும்பாலும் கேஸ் கம்பெனியின் சொத்து.

வாங்கும்போது எதை கவனிக்கணும்?

* 80% வால்வு, அழுத்தம் குறைக்கும் வால்வு இரண்டும் இருக்கணும். மறுசோதனை தேதியையும் பார்க்கணும்.

* 6 கிலோ, 11 கிலோ அளவுகள் அதிகம் புழக்கத்தில் உள்ளன. ஒரு கிலோ புரொப்பேன் சுமார் 2 லிட்டர். பங்கில் லிட்டர் கணக்கில்தான் பில் வரும்.

* வண்டியின் வெளிப்பக்கத்தில் நிரப்பும் வாய் பொருத்துவது நல்லது. சிலிண்டரைக் கையில் தூக்கி வந்தால் பல பங்குகளில் நிரப்ப விடமாட்டார்கள்.

* நாசில் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஒரு வகை, ஜெர்மனியில் வேறு, பிரான்ஸ், இத்தாலியில் வேறு, ஸ்பெயினில் வேறு. அடாப்டர்களை முன்பே வாங்கி வைக்கணும்.

குளிரில் அடுப்பு எரியாதது ஏன்?

எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கினாலே ஆவியாவது நின்றுவிடும். சிலிண்டரில் கேஸ் இருந்தும் அடுப்பு எரியாது. பங்கில் கிடைக்கும் கலவை ஊருக்கு ஊர் மாறும். பனிப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் புரொப்பேன் அதிகமுள்ள கேஸை நிரப்பிக்கொள்வது நல்லது.

பயன்படுத்தும்போது மறக்கக் கூடாதவை

பங்குக்குள் நுழையும் முன்பே கேஸில் ஓடும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பலர் மறப்பது ஃப்ரிட்ஜைத்தான். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜுக்குள் சின்னதாக ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கணும். சாய்ந்தால் திரவ கேஸ் ரெகுலேட்டருக்குள் போய்விடும். படுத்த நிலையில் நிரப்பினால் 80% வால்வும் சரியாக வேலை செய்யாது.

எல்பிஜி காற்றைவிட கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் காற்றுத் துளை விடுகிறார்கள். அதன்மேல் பையோ பாயோ வைத்து அடைக்கக் கூடாது.

ரப்பர் டியூபில் வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். ரெகுலேட்டரை 10 ஆண்டுக்குள் மாற்றணும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடுவதே பாதுகாப்பு.

குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டு தூங்கவே கூடாது. கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தனி அலாரம் கட்டாயம் வேண்டும்.

நம்ம ஊரில் இப்படி நிரப்பலாமா?

கூடாது. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரும் சரி, 5 கிலோ சின்ன சிலிண்டரும் சரி, ஆலையில் மட்டுமே நிரப்பப்பட வேண்டியவை. ஆட்டோ எல்பிஜி பங்கில் நிரப்புவதும், ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் சட்டவிரோதம். இரண்டிலும் 80% அளவில் நிறுத்த எந்த ஏற்பாடும் கிடையாது.

பயணத்தில் சிலிண்டர் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரை பார்த்தது. ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தனர். பயணிகள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது.

வண்டியில் கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடக் கூடாது. முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். போன் செய்வதை வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.