மடிப்பு மேல் மடிப்பு

கொல்கத்தாவின் கரியாஹாட் முனையில் புடவைக் கடைகளைத் தாண்டித் தெற்கே போனால், தாக்குரியாவுக்கு அப்பால் யாதவ்பூர் பல்கலைக்கழகம் வரும். அங்கே நிலவியல் பேராசிரியராக இருந்தவர் சுதிப்தா சென்குப்தா. 1983 டிசம்பரில் கோவாவிலிருந்து அன்டார்க்டிகாவுக்குக் கப்பலேறிய மூன்றாவது இந்தியக் குழுவில் அவரும் கடலியலாளர் அதிதி பந்தும் இருந்தார்கள். இந்திய அறிவியல் பயணத்தில் அங்கே போன முதல் பெண்கள் என்று சொல்லிவிட்டுப் பொது அறிவுப் புத்தகங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

சென்குப்தா அங்கே பார்த்த வேலை ஷிர்மாக்கர் குன்றுகளில். 1939-ல் ஜெர்மன் விமானி ஒருவர் வானிலிருந்து கண்ட இடம் அது, பெயரும் அவருடையதே. சுற்றிலும் பனி, நடுவில் சுமார் 35 சதுர கிலோமீட்டருக்கு வெறும் பாறையும் ஏரிகளும்.

50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நிலத்துண்டுகள் மோதி மலைகள் எழுந்தபோது, அவற்றின் அடியாழத்தில் வெந்து இளகிய பாறைகள் இவை. மேலிருந்த மலை தேய்ந்துவிட்டது. மடித்த புடவையைக் குறுக்கே மறுபடி மடித்ததுபோல, பாறையின் வரிகளில் மடிப்பு மேல் மடிப்பு கிடக்கிறது. குளிரில் விறைத்த விரல்களால் வரிகளின் சாய்வையும் திசையையும் அளந்து படத்தில் குறிக்க வேண்டும். வளைக்கப்பட்ட மடிப்பு மூத்தது, அதை வளைத்தது இளையது. இப்படி ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தித்தான் அந்த மலையின் வரலாற்றைச் சொல்ல முடியும். சென்குப்தா செய்தது அதைத்தான்.

டென்சிங் நோர்கேயிடம் மலையேற்றம் பயின்றவர். 1970-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்து ஸ்காண்டிநேவியப் பழமலைகளையும் ஆராய்ந்தவர். 1989-ல் மறுபடி அன்டார்க்டிகா போனார். 1991-ல் அறிவியலுக்கான பட்நாகர் விருது கிடைத்தது.

ஷிர்மாக்கரில் கிடைக்கும் பாறைகளில் ஒன்று சார்னோக்கைட். இது நம்மூர்ச் சரக்கும்கூட. கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த பலகை சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் இந்தப் பெயரை வைத்தார். பல்லாவரம் குன்றுகளில் இருப்பதும் இதே பாறைதான். கொல்கத்தா போகிறவர்கள் புனித ஜான் தேவாலயத்தில் அந்தப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.