சபரிலிருந்து மீண்டவர்களும் நம் வட்டார ஊர்களும்



பிரயாணத்திலிருந்து ஊர் திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழக்கமாயிருந்தது என ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆதலால் சபர் சென்று மீண்டவர்களைப் பற்றிப் பேசுவதற்குப் பள்ளிவாசலின் மலரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. வெளிநாடு சென்றவரை 'சபராளி' என்று அழைக்கிறோம். சென்று மீண்டவரை அழைக்கத்தான் நம்மிடம் சொல் இல்லை. ஊரோடு வந்து பத்தாண்டு ஆனபின்பும் அவர் 'சவூதிக்காரர்'தான்.

வளைகுடாவுக்கு முன்பே நம் தமிழ் முஸ்லிம்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றார்கள். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிப் பினாங்கும் சிங்கப்பூரும் போனவர்களின் கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்னர் 'சிதம்பரம்' கப்பல் ஓடிற்று. 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்தோடு அதன் பயணிகள் போக்குவரத்து முடிந்தது.

அக்காலத்தில் திரும்பியோர் எல்லாரும் பொருளோடு திரும்பவில்லை. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசியபின், இந்தியர்கள் இலட்சக்கணக்கில் பர்மாவை விட்டு வெளியேறினர். காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்களுள் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியிருந்து மீண்டும் கடை வைத்தவர்களையும், 1962-இல் ஆட்சியைப் பிடித்த நீ வின் அரசு விடவில்லை. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. வாணிகர்களாக வாழ்ந்தவர்கள் அகதிகளாகக் கப்பலில் வந்திறங்கினர். சென்னையின் பர்மா பஜார் அவர்களுடைய பிழைப்புக்காகத் தோன்றியதே.

1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்தது. வளைகுடாவில் வேலைகள் பெருகின. நம் மாவட்டத்தில் லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களின் முகத்தோற்றத்தையே அந்தச் சம்பாத்தியம் மாற்றியது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. பள்ளிவாசல்களில் மினாராக்கள் உயர்ந்தன. மதரஸா மாணவர்களின் உணவுக்கும் ஏழைக் குமர்களின் திருமணத்திற்கும் சபராளிகள் அள்ளிக் கொடுத்தனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர் பக்கங்களில் நாம் கண்டது வேறொன்று. இது சின்ன வெங்காயம் விளையும் பூமி. அயலூரில் ஈட்டிய பணம் இங்கே ஆழ்குழாய்க் கிணறாகவும் மோட்டாராகவும் மாறியது. மாடி வீட்டைப் போல அது கண்ணில் படுவதில்லை. ஆயினும் வெங்காயப் பட்டறை போடும் நாளில் எத்தனை குடும்பங்களுக்குக் கூலி கிடைக்கிறது என்று பார்த்தால் அதன் பயன் விளங்கும்.

பணத்தோடு வந்தவை அனைத்தும் நல்லவையல்ல. 'மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார்' என்ற ஒரு சொல்லால் வரதட்சணை ஏறியது. தொழுகையில் கையை எங்கே கட்டுவது, ஆமீனைச் சப்தமிட்டுச் சொல்வதா என்று இஷாவுக்குப் பின் நெடுநேரம் வாதிட்ட இரு தரப்பாரும், சம்பந்தம் பேசும்போது மட்டும் ஒரே பாயில் ஒற்றுமையாக அமர்ந்திருந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

வீட்டினுள் நிகழ்ந்த மாற்றம் இன்னும் ஆழமானது. கணவர் கடல் கடந்திருந்த பதினைந்து இருபது ஆண்டுகள், வங்கிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் சென்று குடும்பத்தை நடத்தியவர் மனைவியே. அவர் திரும்பியதும் சாவிக்கொத்து யாரிடம் இருப்பது என்பதே வழக்காகிறது. பிள்ளைகளோ தொலைபேசியில் அறிந்த வாப்பாவை நேரில் அறியாமல் விலகி நிற்கின்றனர். இத்தகைய வழக்குகள் நம்மிடம் வரும்போது, பெரும்பாலும் கணவருக்கே பொறுமையை உபதேசித்தோம். வீடு அவரில்லாமலேயே நடக்கக் கற்றுக்கொண்டது அவள் குற்றமன்று.

2015-இல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, ஏறத்தாழ 22 இலட்சம் தமிழ்நாட்டார் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணித்தது. இவர்களுள் பலரும் என்றேனும் திரும்புவார்கள். திரும்பும் நாளை எல்லாரும் தாமே தீர்மானிப்பதில்லை. 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தபோது ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் மீட்கப்பட்டனர். 2011-இல் சவூதியில் நிதாகத் சட்டம் வந்தது. 2020-இல் கொரோனா வந்தது.

அவ்வாண்டு மே மாதம் சிறப்பு விமானங்களில் வந்திறங்கியோருக்கு, முதலில் நாம் சொன்ன அந்த இரண்டு ரக்அத்தும் வாய்க்கவில்லை. பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. அவர்கள் தனிமைப்படுத்தும் இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் பள்ளி திறந்தபோதும் சிலர் வரவில்லை. முன்பு விடுமுறையில் வந்தால் முதல் ஸஃப்பில் நின்று அத்தர் மணக்க அனைவருக்கும் ஸலாம் சொன்ன ஒருவர், வாரக்கணக்கில் கடைசி ஸஃப்பில் நின்று ஸலாம் கொடுத்தவுடன் எழுந்து போய்விடுவார். விசாரித்தபோதுதான், கடைசி ஆறு மாதச் சம்பளம் கைக்கு வராமலே அவர் விமானமேறியது தெரிந்தது. பின்னர் வெங்காயக் காட்டில் பங்குக்குப் பயிர் வைத்தார்.

நாம் முன்னர் இமாமத் செய்த ஓர் ஊரில் வரிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. சபராளிகளின் பெயருக்கு எதிரே 'சபர்' என்று குறித்து, உள்ளூராரைவிட இருமடங்கு சந்தா எழுதியிருந்தார்கள். அவர்களுள் ஒன்பது பேர் ஊருக்கே திரும்பிவிட்டவர்கள். குறிப்பை யாரும் மாற்றவில்லை. வெட்கத்தினால் அவர்களும் சொல்லவில்லை. கடன் வாங்கியேனும் அதே தொகையைக் கட்டிவந்தார்கள். நம் ஜமாஅத்தின் புத்தகத்தையும் ஒருமுறை பார்த்து, ஊரோடு வந்துவிட்டவர்களின் குறிப்பை அவர்கள் கேளாமலேயே திருத்தித் தருமாறு நிர்வாகப் பெருமக்களிடம் கேட்டுள்ளோம். வரும் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.