பேர்தான் மோசம், பூ செம அழகு! உங்க தோட்டத்துல இந்த 4 பூக்கள் இருக்கா?

ரோஜா, மல்லி, முல்லைனு பேரைச் சொன்னாலே மணக்குற பூக்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சுடுகாடு, கண்வலி, உண்ணின்னு பேரைக் கேட்டதும் முகம் சுளிக்க வைக்கும் பூக்கள். ஆனால், நம்ம ஊர்க்காரங்க சும்மா வாய்க்கு வந்த பேரை வைக்கலை. அப்படி 4 பூக்களையும், அந்தப் பேருக்குள்ள இருக்கிற விஷயத்தையும் பார்ப்போமா?

சுடுகாட்டுப்பூ

ஐந்து இதழ்களோட ரோஸ் கலர்லயும் வெள்ளையிலும் வருஷம் முழுக்கப் பூக்குமே, அந்த நித்தியகல்யாணிதான் இது. கல்லறைப்பூன்னும் சொல்வாங்க. தண்ணி ஊத்த ஆள் இல்லாத இடத்துலயும் தாக்குப்பிடிக்கும். அதனாலதான் கல்லறைப் பக்கம் செழிச்சு நிக்குது. பூர்வீகம் மடகாஸ்கர்.

1950-களில் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் இது சர்க்கரையைக் குறைக்குமா என்று எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த ஆராய்ச்சியில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. பிறகு இதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து. சுடுகாட்டுப் பேரை வச்சுக்கிட்டு உயிரைக் காப்பாத்துற பூ!

அதுக்காக, `சுகருக்கு நல்லது'ன்னு யாராவது ஃபார்வேர்டு அனுப்பினா இலையைப் பறிச்சு மெல்லாதீங்க. அது விஷம்.

கண்வலிப்பூ

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் இன்னொரு பேர் இது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீளமான பூப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. தீ ஜுவாலை மாதிரி மேல்நோக்கி வளைந்த இதழ்கள், மஞ்சளில் ஆரம்பித்து சிவப்பாக மாறும். உத்துப் பார்த்தா கண்வலி வரும்னு கிராமங்கள்ல ஒரு நம்பிக்கை. கிழங்கு கலப்பை வடிவத்துல இருக்கிறதால `கலப்பைக் கிழங்கு'ன்னும் சொல்வாங்க.

பார்த்தா ஒண்ணும் ஆகாது. சாப்பிட்டாத்தான் ஆபத்து. செடி முழுக்க, குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. இலங்கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்களும் உண்டு. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்; பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். இதே கோல்ச்சிசின், அளவோடு கொடுக்கும்போது கௌட் எனும் மூட்டுவலிக்கு மருந்து. அதனால்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே விவசாயம் செய்கிறார்கள்.

உண்ணிப்பூ

மாட்டைக் கடிச்சு ரத்தம் குடிக்கிற உண்ணியின் பேர் இதுக்கு. ஆனா, ஒரே கொத்துல மஞ்சள், ஆரஞ்சு, பிங்க்னு கலர் கலரா பூத்து, வண்ணத்துப்பூச்சிகளைக் கூட்டிட்டு வரும். புதுப் பூ மஞ்சளாக இருக்கும். வயதாக ஆக நிறம் மாறும். வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து 1800-களின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புதராகப் பரவி, புல்லுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. உண்ணி மாதிரியே ஒட்டிக்கிச்சு! இலையைத் தின்கிற ஆடு, மாடுகளுக்குக் கல்லீரல் கெடும். பழுக்காத காயும் ஆபத்தானது. காட்டை ஒட்டி வீடு இருந்தால், இதை நடவே வேண்டாம்.

கோழிக்கொண்டை

சேவலோட கொண்டையை அப்படியே வெட்டி வச்ச மாதிரி இருப்பதால் இந்தப் பேர். வெல்வெட் துணி போன்ற அடர் சிவப்பு. வாசனை கிடையாது. ஆனால், சீக்கிரம் வாடாது என்பதால் மாலை கட்டுகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல வெயில் இருந்தால் போதும், மாடித் தொட்டியிலும் வளரும். நாலு பேர்ல பயமில்லாம வளர்க்கக்கூடியது இதுதான்.

நர்சரிக்குப் போறப்ப...

`குளோரி லில்லி', `லன்டானா', `வின்கா'... நர்சரிகளில் இப்படி ஸ்டைலான பேர்களில்தான் இந்தச் செடிகள் கிடைக்கின்றன. அந்தப் பேர்கள்ல எச்சரிக்கை எதுவும் இல்லை. வீட்டில் குழந்தைகளோ நாய், பூனையோ இருந்தால் வாங்குறதுக்கு முன்னாடி, `இதுக்கு ஊர்ல என்ன பேருண்ணா?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. காந்தளை ஆசைப்பட்டு வச்சாலும், கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது கையுறை போட்டுக்கோங்க. அதை சமையலறைப் பக்கமே கொண்டு போகாதீங்க. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், அந்தச் செடியின் ஒரு துண்டோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்தால்தான் டாக்டர் சட்டென்று சிகிச்சையைத் தொடங்க முடியும்.