நான்கு அங்குல உயரத்தின் நூறாண்டுக் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

இன்று எழுதப்போவது ஒரு பற்சக்கரப் பெட்டியைப் பற்றி. அமெரிக்காவில் சேற்றிலும் மணலிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே 'சைடு பை சைடு' என்று ஒரு வண்டி இருக்கிறது. ஜீப்பை விடச் சிறியது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்பதால் அந்தப் பெயர். ஸ்டீயரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு எல்லாம் உண்டு. அந்த வண்டியை உயர்த்துவதற்காக நான்கு சக்கரங்களிலும் மாட்டும் பெட்டிகளுக்குப் 'போர்ட்டல் கியர் லிஃப்ட்' என்று பெயர். 4 அங்குலம், 6 அங்குலம் என்று உயரக் கணக்கில் விற்கிறார்கள். பார்த்தால் நேற்று வந்த சாமான் போலத் தெரியும். உள்ளே இருக்கும் யோசனைக்கு வயது நூறுக்குக் குறையாது. அது வயலில் வேலை பார்த்தது, போருக்குப் போனது, திரும்பவும் வயலுக்கு வந்தது, கடைசியில் விளையாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். லாரிக்குப் பின்னால் நின்று குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களையும் சேர்க்கும் ஆக்சிலின் நடுவில் குடம் போல ஒன்று உருண்டையாகத் தொங்கும். அதற்குள்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. மேடு பள்ளத்தில் முதலில் தட்டுவது அந்தக் குடம்தான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியின் உடம்பைத் தூக்கலாம். ஆனால் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய டயர் போட்டால் குடமும் உயரும். ஆனால் பெரிய டயரைச் சுற்ற எஞ்சினுக்குக் கூடுதல் பலம் வேண்டும், ஆக்சில் கம்பிக்கும் சுமை கூடும்.

மூன்றாவது வழிதான் நம் கதாநாயகன். ஆக்சில் சக்கரத்தின் மையத்துக்கு நேராக வராமல், மையத்துக்கு மேலே ஒரு பெட்டிக்குள் வந்து சேரும். பெட்டியின் மேல்பக்கம் ஒரு சிறிய பற்சக்கரம், கீழ்ப்பக்கம் ஒரு பெரிய பற்சக்கரம். பெரியது சக்கரத்தைச் சுற்றும். இரண்டு பற்சக்கரங்களின் மையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் ஆக்சில் தரையிலிருந்து உயர்ந்துவிடும். பற்சக்கரப் பாடம் நினைவிருக்கிறதா? மேலே 12 பல், கீழே 24 பல் என்றால், மேலே இரண்டு சுற்று சுற்றினால் கீழே ஒரு சுற்று. வேகம் பாதி, திருப்பு விசை இரண்டு மடங்கு. ஆக, உயரமும் கிடைக்கிறது, பலமும் கிடைக்கிறது. ஆக்சில் கம்பியின் மேல் விழும் முறுக்கும் குறைகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்க வயல்களில் ஃபோர்டுசன் டிராக்டரின் ராஜ்ஜியம். 1922இல் ஹென்றி ஃபோர்டு அதன் விலையை 395 டாலராகக் குறைத்துவிட்டார். மற்ற கம்பெனிகள் திணறின. ஆனால் ஃபோர்டுசனுக்கு ஒரு குறை இருந்தது. அது உழும், பயிர் முளைத்து வளர்ந்த பிறகு வரிசைகளுக்கு இடையே போய்க் களையெடுக்க அதனால் முடியாது. வயிறு தாழ்வு, பயிர் நசுங்கிவிடும். அதனால் டிராக்டர் வாங்கிய விவசாயியும் களையெடுக்கக் குதிரையை வைத்துத் தீனி போட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் பொறியாளர் பெர்ட் பெஞ்சமின் வருகிறார். அவர் உருவாக்கிய ஃபார்மால் டிராக்டர் 1924இல் விற்பனைக்கு வந்தது. பின் ஆக்சிலை உயரத்தில் வைத்து, இரண்டு முனைகளிலும் கீழ்நோக்கிப் பற்சக்கரப் பெட்டி தொங்கவிட்டு, அதில் பெரிய சக்கரங்களை மாட்டினார். சோளமும் பருத்தியும் ஆக்சிலுக்குக் கீழே நிமிர்ந்து நிற்க, டிராக்டர் அவற்றின் மேலே கடந்துபோனது. உழவு, விதைப்பு, களையெடுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி என்றானது. அமெரிக்க வயலிலிருந்து குதிரை வெளியேறியதற்கு இந்த உயரமும் ஒரு காரணம். ஒரு செடி நசுங்கக் கூடாது என்ற கவலையிலிருந்து வந்த உயரம் அது.

அடுத்த காட்சி ஜெர்மனி. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த மக்கள் காரைப் போர் வண்டியாக மாற்றச் சொன்னது ராணுவம். முதல் மாதிரிகளை 1939இல் போலந்துப் படையெடுப்பில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, வயிறு தரையில் தட்டியது. இரண்டாவது வேடிக்கையானது. மூட்டை சுமந்து நடக்கும் சிப்பாயோடு கூடவே மெதுவாகப் போக அந்த வண்டியால் முடியவில்லை. முதல் கியரில் அதன் மிகக் குறைந்த வேகமே மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர். தேவைப்பட்டதோ 4 கிலோமீட்டர். பின்சக்கரங்களில் பற்சக்கரப் பெட்டியை வைத்தார்கள். உயரம் கூடியது, வேகம் குறைந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 1940 பிப்ரவரியில் உற்பத்திக்கு வந்த அந்த வண்டிதான் கியூபெல்வாகன். நான்கு சக்கர டிரைவ் இல்லாமலே பாலைவனத்திலும் ரஷ்யச் சேற்றிலும் ஓடியது. போர் முடிவதற்குள் சுமார் 50,000 வண்டிகள் செய்யப்பட்டன.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தொழிற்சாலையில் போர்க்காலத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி, பிடித்து வரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள். பொறியியல் திறமையைப் பாராட்டும்போது, அந்த இரும்பைத் தொட்ட கைகள் யாருடையவை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

போர் முடிந்தது. அதே பற்சக்கரப் பெட்டி ஒரு அமைதியான வண்டிக்குள் போய் உட்கார்ந்தது. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள், வட்ட முகம் கொண்ட ஃபோக்ஸ்வேகன் வேன். 1950இல் வந்தது. சுமை ஏற்ற வேண்டும், எஞ்சினோ வெறும் 25 குதிரைத்திறன். பின்சக்கரத்தில் பெட்டியை வைத்துப் பலத்தைக் கூட்டினார்கள். 1967இல் அடுத்த தலைமுறை வேன் வரும்வரை அது இருந்தது. இதில் மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பற்சக்கரங்கள் கடித்துச் சுற்றினால் ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் சுற்றும் அல்லவா? அதனால் காரின் கியர் பெட்டியை அப்படியே எடுத்து இந்த வேனில் மாட்டினால், முன்னால் போக ஒரு கியரும் பின்னால் போக நான்கு கியரும் கிடைக்கும்! கம்பெனி டிஃபரன்ஷியலின் பல்லை மறுபக்கம் திருப்பி வைத்து அதைச் சரிசெய்திருந்தது. சில பெட்டிகளில் இரண்டுக்கும் நடுவே இன்னொரு பற்சக்கரத்தை நுழைத்துத் திசையை நேராக்குவதும் உண்டு.

அதே காலத்தில் ஜெர்மனியில் பசி. டைம்லர் பென்ஸில் விமான எஞ்சின் பிரிவில் இருந்த ஆல்பர்ட் ஃப்ரீட்ரிச், இனி விமான எஞ்சினுக்கு வேலையில்லை என்ற நிலையில், விவசாயிக்கு ஒரு வண்டி வரைந்தார். அதுதான் யூனிமாக். 1946இல் மாதிரி ஓடியது. 1948இல் போரிங்கர் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. 1951இல் டைம்லர் பென்ஸ் தன் காகெனாவ் ஆலைக்கு எடுத்துக்கொண்டது. அதன் இரண்டு சக்கரங்களுக்கு இடையே அகலம் 1270 மில்லிமீட்டர். ஏன் அந்தக் கணக்கு? இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளின் அகலம் அது. முன்னும் பின்னும் போர்ட்டல் ஆக்சில். முதல் வண்டிகளின் சின்னம் ஒரு காளையின் தலை. கொம்பு இரண்டும் வளைந்து நிற்கும். பிறகு இதுவும் ராணுவத்துக்குப் போனது. 1950களில் வந்த யூனிமாக் எஸ் ராணுவங்கள் விரும்பி வாங்கிய லாரி.

1980களில் அமெரிக்க ராணுவத்துக்கு ஏஎம் ஜெனரல் செய்த ஹம்வீயிலும் சக்கரத்துக்குச் சக்கரம் இதே பெட்டிதான். தரைக்கும் வயிற்றுக்கும் இடையே 16 அங்குலம். அந்த வண்டியின் அகலத்தையும் கவனியுங்கள்: 85 அங்குலம், ஏழு அடிக்கு மேல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இப்போது சைடு பை சைடு வண்டிக்கு வருவோம். 1988இல் கவாசாகி மியூல் வந்தபோது அது பண்ணையில் மூட்டை சுமக்கும் வண்டிதான். 2004 மாடலாக யமஹா ரைனோவும், 2008 மாடலாக போலாரிஸ் ஆர்இசட்ஆரும் வந்தபின் அது பொழுதுபோக்கு வண்டியாக மாறியது. சேற்றில் இறங்குகிறவர்கள் பெரிய டயர் போட்டார்கள். ஆக்சில் கம்பி ஒடிந்தது. ஸ்பிரிங்கை உயர்த்தினார்கள், கம்பி சாய்ந்து மூட்டுகள் தேய்ந்தன. அதற்கு மருந்தாகத்தான் பழைய போர்ட்டல் பெட்டி சின்ன உருவில் வந்தது. கம்பி நேராக இருக்கும், வயிறு உயரும், பலம் கூடும். பதிலுக்கு அதிகபட்ச வேகம் குறையும், சக்கரத்தின் எடை கூடும், நான்கு பெட்டிக்கும் எண்ணெய் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் பெரிய விலை இதுவல்ல.

2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் யமஹாவும் சேர்ந்து ரைனோ வண்டிகளுக்கு இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தன. ஆணையம் ஆராய்ந்த 50க்கு மேற்பட்ட சம்பவங்களில் 46 பேர் இறந்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்தவை. பலர் பெல்ட் போடவில்லை. சமதரையில், மிதமான வேகத்தில் திரும்பும்போதே கவிழ்ந்தவையும் பல. தீர்வாகச் செய்தது என்ன தெரியுமா? பின்புறத்து ஸ்டெபிலைசர் கம்பியைக் கழற்றிவிட்டு, பின்சக்கரங்களை 50 மில்லிமீட்டர் துண்டு வைத்து வெளியே தள்ளினார்கள். அதாவது, அகலமாக்கினார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. சக்கரங்களுக்கு இடையே அகலம் 50 அங்குலம், ஈர்ப்பு மையத்தின் உயரம் 25 அங்குலம் என்று வையுங்கள். பாதி அகலம் 25, உயரமும் 25. நின்ற நிலையில் வண்டி 45 டிகிரி சாய்ந்தால் கவிழும். இப்போது ஈர்ப்பு மையத்தை 5 அங்குலம் உயர்த்துங்கள். பாதி அகலம் அதே 25, உயரம் 30. சுமார் 40 டிகிரியிலேயே கவிழ்ந்துவிடும். பழைய 45 டிகிரி திரும்ப வேண்டுமானால் அகலத்தை 60 அங்குலமாக்க வேண்டும். 5 அங்குல உயரத்துக்கு 10 அங்குல அகலம் கடன். ஓடிக்கொண்டே திரும்பும்போது இதற்கு முன்னாலேயே கவிழும். ஹம்வீ ஏன் ஏழடி அகலம் என்று இப்போது புரிகிறதா?

இதை நான் சும்மா எழுதவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் உறவுப் பிள்ளை ஒருவன் இப்படியொரு வண்டி வாங்கி, 6 அங்குலப் பெட்டி மாட்டப்போவதாகச் சொன்னான். பக்கத்து சீட்டில் உட்காரப்போவது அவனுடைய ஒன்பது வயது மகள். மாட்டாதே என்று நான் சொல்லவில்லை. அகலம் எவ்வளவு கூடுகிறது என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. உயரத்தின் எண்ணை விற்பவர் பெரிதாக எழுதிப் போடுகிறார். அகலத்தின் எண்ணை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பெஞ்சமினுக்குச் செடி நசுங்கக் கூடாது, ஃப்ரீட்ரிச்சுக்கு உருளைக்கிழங்கு வரிசை கலையக் கூடாது. அந்த வயல் வண்டிகளின் உயரம் ஒரு தேவையிலிருந்து வந்தது; அகலம் பயிர் வரிசையை அளந்து வந்தது. விளையாட்டுக்காக உயரம் சேர்ப்பவர்களுக்கு அந்த அளவை எடுத்துக் கொடுக்க வயலும் இல்லை, பயிரும் இல்லை. அதனால் அளவுநாடாவை நாமே கையில் எடுக்க வேண்டும். இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஆள் பெல்ட் போடுங்கள், ஹெல்மெட் மாட்டுங்கள், சரிவில் குறுக்கே போகாதீர்கள்.

ஆட்டோமொபைல் படித்த என் மாணவர்கள் விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் சார்